இதுக்கு முந்தி எங்க இருந்தவர்?

எங்கட வீட்டு மனுசனுக்குப் பேர் பஸ்ரியன். நான் அன்ரனெற், அவரின்ர மனுசி. கலியாணம் கட்டின நாள் துடக்கம் இந்தாளோடை மாரடிக்கிறன், அதாலை இவரைப்பற்றிச் சொல்லுறதுக்கு என்னை விட்டால் ஆளில்லை. ஸ்காபரோவிலை எங்கட மாதா கோவிலுக்கு வாற ஆரிட்டையும் 'கோட்டு பஸ்ரியன்' எண்டு கேட்டுப் பாருங்கோ, வீட்டு வாசலிலை கொண்டுவந்து விடுவினம். ஆள் வக்கீலுமில்லை, பொலிசுமில்லை. பாண் பேக்கரியிலை மா குழைச்ச மனுசன்.

ஒருக்கால் கூட்டாளி ஒருத்தரின்ர கார் அடிபட்ட வழக்குக்குச் சாட்சி சொல்லக் கோட்டுக்குப் போனவர். வழக்கு இழுபட, பொழுது போகாமல் அங்கத்தைக் கவுண்டரடியிலை நிண்டு பராக்குப் பாத்திருக்கிறார். ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வந்து ஆற்றையோ பேரைச் சொல்லிப் பைலைக் கேக்க, உள்ளுக்கிருந்தவ ஏன் எதுக்கெண்டு கேளாமல் எடுத்துக் குடுத்தாவாம். அண்டைக்குப் பின்னேரம் சோத்துக் கோப்பையை மடியிலை வைச்சுக்கொண்டு வாயைப் பிளந்தபடி இருந்தார்.

"எடியப்பா, இஞ்சை ஆற்றை வழக்கையும் ஆரும் போய்ப் பாக்கலாமாம். சொந்தக்காரனாய் இருக்கத் தேவையில்லை. அது சனத்துக்குப் பொதுவாம்."

ஊரிலை கோட்டு வாசலைக் கண்டாலே மற்ற ரோட்டாலை சுத்திப் போன மனுசன். "பாத்து என்ன செய்யப் போறியள், கறி காய்ச்சவோ?" எண்டு நான் பேசிப்போட்டு என்ர அலுவலைப் பாத்தன்.

அந்த மாதமே அது உதவிச்சுது. என்ர ஒண்டுவிட்ட தங்கச்சியின்ர மகளுக்கு ஒரு இடம் பொருந்தி வந்தது. எங்கட ஆக்கள் மாப்பிளையை விசாரிக்கிற சீர் உங்களுக்குத் தெரியும்தானே? கோவிலிலை நாலு பேரிட்டைக் கேக்கிறது, பேந்து பிறந்தநாள் விழாவிலை ரெண்டு பேரிட்டைக் கேக்கிறது. கேட்ட எல்லாரும் 'தங்கமான பெடியன்' எண்டுதான் சொல்லுவினம். நல்ல காரியத்தைக் குழப்பின பேர் ஆருக்கு வேணும்? இவர் போய்க் கோட்டிலை பேரை எழுதிக் குடுத்தார். தங்கமான பெடியனுக்கு ஏற்கெனவே ஒரு மனுசி இருந்தது, விவாகரத்து வழக்கும் முடியாமல் கிடந்தது. தங்கச்சி இவரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள்.

அதோடை துடங்கினதுதான். பொம்பிளைப் பிள்ளையைப் பெத்த ஆக்களெல்லாம் எங்கட வீட்டுக்குப் போன் அடிக்கத் துடங்கிச்சினம். ஒரு சதம் வாங்கமாட்டார். லீவு நாளிலை காரை எடுத்துக்கொண்டு போயிடுவார். வீட்டிலை குளிக்கிற அறைக் குழாய் ஒழுகும், அதுக்கு ஆளில்லை. "ஊராற்றை பெட்டையளுக்குக் காவல் நிக்கிறியள், இஞ்சை தண்ணி போகுது" எண்டு நான் கத்தக் கத்த, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போவார்.

இஞ்சத்தைக் கோட்டு விசயத்திலை ஒண்டு இருக்குது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு கோட்டு. விட்பிக்காரன் விட்பியிலை செய்தது ஒஷாவாக் கோட்டிலை இருக்கும், பிறம்ரனிலை நடந்தது பிறம்ரனிலை இருக்கும். கொஞ்சம் இப்ப கம்பியூட்டரிலையும் பாக்கலாம், ஆனால் முடிஞ்சுபோன பழைய வழக்கெண்டால் அந்தந்த இடத்துக்குப் போய்த்தான் கேக்க வேணும். ஒரு இடத்திலை 'இல்லை' எண்டு சொன்னால் அந்த இடத்திலை இல்லை, அவ்வளவுதான். அதாலை ஆர் வந்தாலும் இவர் கேக்கிற முதல் கேள்வி: "பெடியன் இதுக்கு முந்தி எங்க இருந்தவர்?" இதை மாப்பிளை வீட்டுக்காரரிட்டையே நேரை கேப்பார். சிலருக்கு முகம் கறுக்கும். ஒருத்தர் தேத்தண்ணியைக் குடியாமல் எழும்பிப் போனவர். இவருக்கு வெக்கமே இல்லை. "நான் ஆர், நடுவிலை நிக்கிற ஆள்தானே, எனக்கென்ன?" எண்டு சிரிப்பார்.

'பஸ்ரியன் அண்ணை பாத்தா சரி' எண்டொரு கதை எங்கட சனத்துக்குள்ளை பழகிப்போச்சுது.

பிறகு எங்கட வீட்டுக்கே கலியாணப் பேச்சு வந்தது. எங்களுக்கு ஜெசிகா ஒருத்திதான். பல்லு டொக்ரரிட்டை வேலை. சிரிச்சாளெண்டால் வீடு கலகலக்கும், அப்பிடியொரு பிள்ளை. அவளுக்குக் கிளிபோட் எண்ட பெடியனைக் கேட்டு வந்திச்சினம். விட்பியிலை புது வீடு, நல்ல வேலை, பாக்கவும் வடிவான பெடியன். தகப்பன் நீக்கிலாஸ், கோவில் சபையிலை பெரிய ஆள். குடும்பமாய் வந்து எங்கட சோபாவிலை இருந்தினம். எங்கட ஆள் முதுகை வளைச்சுக்கொண்டு ரோல்ஸ் பலகாரத் தட்டோடை நிக்கிறார். ஊர் முழுக்க விசாரிச்ச வாய் அண்டைக்குத் திறக்கேல்லை. நான் குசினிக்குள்ளை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டன்.

"பெடியன் முந்தி எங்க இருந்தவராம்? கேளுங்கோவன்."

"பேசாமல் இரு. சம்மந்தி பகுதி. பொம்பிளையைக் குடுக்கிற நாங்கள் உப்பிடிக் கேட்டால் மரியாதையோ? பிள்ளையைத்தான் பேந்து இடிச்சுக் காட்டுவினம்."

ஊருக்கெல்லாம் கேட்ட மனுசன் தன்ர பிள்ளைக்குக் கேக்கேல்லை. நடுவிலை நிக்கேக்கை இல்லாத வெக்கம் தகப்பனாய் நிக்கேக்கை வந்திட்டுது. எங்கட சாதிசனத்திலை இதுதான் மரியாதை, கோதாரி விழுந்த மரியாதை!

எண்டாலும் சும்மா விடேல்லை. ஒஷாவாவுக்குப் போனவர், ரொறன்ரோவிலையும் பாத்தவர். வந்து ஜெசிகாவின்ர தலையைத் தடவினார். "ஒண்டுமில்லை பிள்ளை. அப்பா பாத்திட்டன்."

"நீங்க பாத்தா சரி அப்பா. ஐ ட்ரஸ்ட் யூ" எண்டு அவரின்ர கழுத்தைக் கட்டிப் பிடிச்சாள். மூண்டு ஞாயிறு பூசையிலை கலியாண ஓலை வாசிச்சு, தடை தெரிஞ்சவை சொல்லச் சொல்லிச் சுவாமி கேட்டார். கோவிலிலை ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கலியாணம் நல்லாய் நடந்தது.

பிறகு பிள்ளை மெலிஞ்சாள். கேட்டால், "டயட் அம்மா." வெய்யில் காலத்திலையும் முழுக்கைச் சட்டை. கேட்டால், "ஏசி குளிர் அம்மா." ஞாயிற்றுக்கிழமையிலை வந்து அப்பாவோடை சிரிச்சுக் கதைப்பாள். "இப்ப ஆற்றை மாப்பிளையை விசாரிக்கிறியள் அப்பா?" எண்டு கேப்பாள். அவரும் உசாராய்ச் சொல்லுவார். கிளிபோட் பக்கத்திலை இருந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பை நினைச்சால் இப்பவும் எனக்கு வயிறு எரியுது.

ரெண்டு வருசத்தாலை, பனி கொட்டின ஒரு மத்தியானம், ரக்சியிலை வந்து இறங்கினாள். ஒரு கை உடைஞ்சு பத்துப் போட்டுக் கட்டியிருந்தது, மற்றக் கையிலை ஒரு பாக். "ஒத்துவரேல்லை அம்மா" எண்டாள். அவ்வளவுதான். தகப்பனைப் பாத்து, "இதிலை உங்கட பிழை ஒண்டுமில்லை அப்பா" எண்டு மட்டும் சொன்னாள். அவர் கேக்கவேயில்லை, அவளாய்ச் சொன்னாள்.

அடுத்த கிழமை இவர் நீக்கிலாசுக்குப் போன் எடுத்தார். வேறை கதையில்லை, அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். பெடியன் முந்தி எங்க இருந்தவர்? நீக்கிலாஸ், "கொஞ்சக் காலம் பிறம்ரனிலை, வேலை விசயமாய்" எண்டார்.

பிறம்ரன் கோட்டிலை பைல் இருந்தது. முந்தி அவனோடை இருந்த ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு அடிச்சவன். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் எடுத்தவன். கேட்டவுடனை எடுத்துக் குடுத்தவையாம். அண்டைக்கு வீட்டை வந்து கார்க் கதவைத் திறவாமல் உள்ளுக்கை இருந்தார். நான் குளிருக்கு ஜாக்கற்றைப் போட்டுக்கொண்டு போய்ப் பக்கத்திலை ஏறி இருந்தன். விசயத்தைச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரின்ர தோளிலை குத்து குத்தெண்டு குத்தினன். "கேளுங்கோ எண்டு நான் சொன்னனான் எல்லோ! சொன்னனான் எல்லோ!" எண்டு கத்தினன். மனுசன் அசையாமல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு இது தெரியக்கூடாது அன்ரனெற். தெரிஞ்சால் என்ர முகத்தைப் பாக்கமாட்டாள்" எண்டு அழுதார். அந்த மனுசன் அழுது நான் அண்டைக்குத்தான் கண்டன்.

ஜெசிகா ஒஷாவாவிலை விவாகரத்து வழக்குப் போட்டாள். வக்கீலும் அவளும்தான். "என்ர பைலை நீங்க பாக்க வேண்டாம் அப்பா, ப்ளீஸ்" எண்டு கேட்டாள். இவர் தலையாட்டினார். விசாரிக்கிற வேலையையும் விட்டார். போன் அடிச்சால் எடுக்கமாட்டார். குழாயைத் திருத்தினார், படியைத் திருத்தினார், ஒழுகாத குழாயையும் கழட்டிப் பூட்டினார்.

போன மாதம் கோவில் மண்டபத்திலை றூபன், பாட்டுக்குழுவிலை பாடுற பெடியன், இவரை ஒதுக்கமாய்க் கூப்பிட்டான். தன்ர சொந்தக்காரர் தங்கட பெடியனுக்கு ஜெசிகாவைக் கேக்க யோசிக்கினமாம். "நீங்கள் காட்டின வழிதானே அண்ணை, அவை கோட்டிலை போய் அவவின்ர பைலைப் பாத்திருக்கினம். நல்ல பிள்ளை எண்டு சொல்லிச்சினம். அழுதவையாம்." பிறகு, "நீங்கள் பாக்கேல்லையே?" எண்டு கேட்டான்.

காரிலை வரேக்கை இவர் சொன்னார், "ஊர் வாசிச்சிட்டுது. பெத்த எங்களுக்குத்தான் தெரியாது."

திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஒஷாவாவுக்குப் போனம். கவுண்டரிலை இருந்த மனுசிக்கு இவரை நல்லாய்த் தெரியும், "கனகாலம் காணேல்லை" எண்டு சிரிச்சா. இவர் எங்கட பிள்ளையின்ர பேரை எழுதிக் குடுத்தார். முதல் தாளிலை கிறுக்குப்பட்டு, இன்னொரு தாள் வாங்கினார். அந்த மனுசி பேரைப் பாத்தா, இவரின்ர முகத்தைப் பாத்தா, பைலை எடுத்துக்கொண்டு வந்து தந்தா. யன்னலடி மேசையிலை ரெண்டு பேரும் இருந்து வாசிச்சம்.

என்னென்ன செய்தவனெண்டு நான் இஞ்சை சொல்லமாட்டன். அதைச் சொல்ல எனக்கு வாயில்லை, கட்டையிலை போவான். பிள்ளை எழுதிக் குடுத்த சத்தியக் கடதாசியின்ர நடுவிலை ஒரு பந்தி இருந்தது. அதைத் தமிழிலை சொல்லுறன்.

'திருமணமான இரண்டாம் மாதமே அவர் பிறம்ரன் வழக்கைப் பற்றித் தானாகவே என்னிடம் சொன்னார். "உன்ர கொப்பர் பெரிய ஆளெல்லோ, இதைக் கண்டுபிடிக்கேல்லையே" என்று சொல்லிச் சிரித்தார். அப்போதே நான் வெளியேறியிருக்கலாம். வெளியேறினால் என் அப்பா பிழைவிட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஆட்கள் அப்பாவை நம்புகிறார்கள். அவருக்கு அது ஒன்றுதான் பெருமை. அதனால் இருந்தேன்.'

ஐயோ என்ர மாதாவே! அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. கலியாணமான ரெண்டாம் மாதம் துடக்கம் தெரிஞ்சிருக்குது. தெரிஞ்சுகொண்டுதான் ஞாயிறு ஞாயிறாய் வந்து, "இப்ப ஆற்றை மாப்பிளை அப்பா?" எண்டு சிரிச்சுக் கேட்டிருக்கிறாள். முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டிருக்கிறாள். இந்த மனுசனின்ர பேருக்காக என்ர பிள்ளை அடி வாங்கியிருக்கிறாள்.

இவர் அந்தப் பந்தியிலை விரலை வைச்சபடி இருந்தார். நான் பேசவுமில்லை, குத்தவுமில்லை. அவரின்ர மற்றக் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தன். பிறகு தாளெல்லாத்தையும் ஒழுங்காய் அடுக்கி, கொண்டுபோய்க் குடுத்திட்டு, வழமைபோலை 'தாங்க்யூ' சொன்னார்.

வீட்டை வர ஜெசிகா சோறு காய்ச்சி வைச்சிருந்தாள்.

"எங்க ரெண்டு பேரும் காலமை துடக்கம்?"

"சும்மா ஒரு ரவுண்ட் பிள்ளை" எண்டார். அவள் மறைச்சதை அவள் அறியாமல் வாசிச்சிட்டு வந்து, இப்ப இவர் மறைக்கிறார். நானும்தான்.

சாப்பிட இருக்கேக்கை வீட்டுப் போன் அடிச்சுது. இவர் எழும்பேல்லை. ஜெசிகா எடுத்தாள்.

"ஓம் அன்ரி, மகள்தான். ஓம், நல்லாய் இருக்கிறன்... கலியாணம் பேசுறியளோ? அப்பா இருக்கிறார். இல்லை இல்லை, அவர் விசாரிக்கிறதை விடேல்லை, கொஞ்சம் சுகமில்லாமல் இருந்தவர்." எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பாத்துச் சொன்னாள். "ஓம் அன்ரி. அப்பா பாத்தா சரி."

திரும்பிப் போனை நீட்டினாள். "அப்பா, கதையுங்கோ. கம் ஓன்."

உடைஞ்ச கைதான், மணிக்கட்டு இன்னும் நேராகேல்லை. அந்தக் கையாலைதான் நீட்டிக்கொண்டு நிண்டாள். இவர் சோத்துக் கையைச் சாரத்திலை துடைச்சுப்போட்டு வாங்கினார். அங்காலை அந்த மனுசி 'ஹலோ, ஹலோ' எண்டு கூப்பிடுறது எனக்கும் கேட்டுது.

"பெடியன்..." எண்டார். ஜெசிகாவையே பாத்துக்கொண்டு திருப்பிக் கேட்டார். "பெடியன் இதுக்கு முந்தி எங்க இருந்தவர் தங்கச்சி? வெக்கப்படாமல் கேட்டுச் சொல்லுங்கோ. இருந்த எல்லா இடமும் சொல்லுங்கோ."

ஜெசிகா கதிரையை இழுத்து இருந்து, தகப்பனின்ர கோப்பையிலை இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.