உருக்காலையில் ஓமகுண்டம்

விஜயரத்தினத்துக்கு மெல்லப் பேச வராது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகருக்குப் பக்கத்தில் ஓர் உருக்காலையில், ஊதுலைக்கு முன்னால் நின்று வேலை செய்தவர் அவர். அங்கே காதுக்குள் கத்தினால்தான் அருகில் நிற்பவனுக்குக் கேட்கும். ஜெர்மன் மொழியையும் அங்கேதான் கற்றார். அரசாங்க அலுவலகத்தில் அவர் வணக்கம் சொன்னாலே காவலாளி எட்டிப் பார்ப்பான்.

ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்தில் தொடங்கிய ஆலை அது. இரண்டு போர்களைக் கண்டது. போலந்துக்காரர், இத்தாலியர், துருக்கியர் என்று வந்த வரிசையில், யாழ்ப்பாணத்து அகதியாக இவரும் போய்ச் சேர்ந்தார். முதலில் தரை கூட்டத்தான் விட்டார்கள். பிறகு உலைக்கு அனுப்பினார்கள். புதிய நூற்றாண்டு பிறந்ததும் ஆலை மூடப்பட்டது. இரும்பு செய்த எந்திரங்களே பழைய இரும்பாக விலைபோயின. விஜயரத்தினம் பேருந்து ஓட்டப் போனார். வெறுமையான எந்திரக்கூடத்தை நகரசபை விழா மண்டபம் ஆக்கியது.

போன வருடம் மகள் வேணுஜாவுக்குக் கல்யாணம் பேசினார்கள்.

"அப்பா, உங்கட ஆலையிலயே வைப்பம்," என்றாள் அவள்.

"கொலோனில எத்தனை வடிவான மண்டபம் கிடக்கு. சனம் சிரிக்கப்போகுது," என்றார் தாய் குணேஸ்வரி.

விஜயரத்தினம் அன்றைக்கே போய் முன்பதிவு செய்துவிட்டார்.

சிக்கல் பிறகுதான் வந்தது. மண்டப மேலாளரான இளம்பெண் சொன்னாள்: "உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது."

"பிள்ளை, நூறு வருசமா இஞ்ச எரிஞ்சது என்ன, ஐஸ்கிறீமோ?" என்று ஜெர்மனில் முழங்கினார் இவர்.

வேண்டுமானால் மின்விளக்கு வையுங்கள் என்றாள் அவள். ஐயரிடம் கேட்டார்கள்.

"கறண்டுக்கு நெய் விட ஏலாது, அண்ணை."

கடைசியில் ஒரு வழி பிறந்தது. தீயணைப்புப் படையினர் இருவர் காவலுக்கு நின்றால் ஓமம் வளர்க்கலாம்.

அப்படியே மணவறையின் இரு பக்கமும், தலைக்கவசத்தோடு இருவர் துவாரபாலகர்போல நின்றார்கள். ஐயர் நெய்யை ஊற்ற, தீ குபீரென்று எழுந்தது. இளையவன் பதறி, தீயணைப்பானைத் திறக்கும் ஊசியில் கைவைத்தான். குணேஸ்வரி பாய்ந்து அவன் கையைப் பிடித்தார்.

"பொறு தம்பி, தாலி கட்டட்டும்!"

தமிழ் விளங்காவிட்டாலும் அந்த முகம் விளங்கியது. அவன் அசையவில்லை. கெட்டிமேளம் முழங்கியது. யாரோ அவன் கையிலும் அட்சதையாக அறுகரிசியைத் திணிக்க, அதையும் பக்தியோடு போட்டான்.

விஜயரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊதுலை அணைந்த நாளில்கூட அழாதவர்.

"புகை," என்றார் மகளிடம்.

"ஓம் அப்பா, புகைதான்," என்றாள் அவள்.

படங்கள் கனடாவுக்குப் போயின. அடுத்த நாளே அங்கிருந்து குணேஸ்வரியின் தங்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"எல்லாம் நல்ல வடிவு அக்கா. தொப்பி போட்ட இரண்டு பேரும் மாப்பிள்ளை பகுதியோ?"