மரத்துக்கு மேலே கேட்ட சத்தம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மாங்காய் சீசனில், தேவதானத்துக்கு மேற்கே ஒரு தோப்பில் நடந்தது இது. அப்போது ராஜபாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்தேன். ஆசைப்பட்டு நாலைந்து கேமரா டிரோனும் வாங்கி அடுக்கியிருந்தேன். மரத்தடியில் இருக்கும் ஆளைக்கூடக் கண்டுபிடித்துத் திரையில் கட்டம் போட்டுக் காட்டும் என்று விற்பனைப் பிரதிநிதி சொன்னதை, ஒரு தடவைகூடச் சோதிக்காமல், வருகிறவர்களிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். யாரும் நம்பவில்லை, ஒன்றுகூடப் போகவில்லை.

எங்கள் தெருக்காரர் ஒருவர் அந்தத் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காலையில் தனியாகக் காய் பார்க்கப் போனவர் மதியமாகியும் திரும்பவில்லை; போன் போட்டாலும் லைன் கிடைக்கவில்லை. அவர் மனைவியும் சொந்தக்காரர்களும் தேடப் போனபோது நானும் டிரோனோடு போனேன். உதவத்தான் போனேன், பொய்யில்லை. ஆனால் ஆள் இதில் கிடைத்துவிட்டால் கடையில் இருப்பதெல்லாம் விற்றுவிடும் என்ற நினைப்பும் கூடவே ஓடியது. இதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

வரிசைக்கு ஒருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தோப்புக்குள் நடப்பதுதான் அங்கே வழக்கம். அப்படித்தான் ஆரம்பித்தார்கள். நான்தான் கெடுத்தேன். நீங்கள் உள்ளே நடந்தால் டிரோன் உங்களுக்கும் கட்டம் போட்டுக் குழப்பும், எல்லோரும் ரோட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

அவர் மனைவி, அந்த அக்கா மட்டும் நகரவில்லை. "அவிய மரத்தடியில கெடந்தா மேலருந்து எப்படித் தம்பி தெரியும்? நாங்க கூப்புட்டுக்கிட்டே நடந்து பாக்கோம்" என்றார். உங்களுக்கு இதைப் பற்றித் தெரியாது என்று வாயை அடைத்துவிட்டேன்.

பேட்டரி மாற்றி மாற்றி ஒன்றரை மணி நேரம் பறக்கவிட்டேன். திரை முழுக்க இலைதான். கட்டம் வராததால் இங்கே ஆள் இல்லை என்று அடித்துச் சொன்னேன். எல்லோரும் அடுத்த தோப்புக்குப் போனார்கள். மனசு கேட்காமல் திரும்பி வந்த அக்காதான், பொழுது சாயும் நேரத்தில் அவரை நடுத்தோப்பில் கண்டுபிடித்தார். ஏறிய கிளை முறிந்து கீழே விழுந்து, கால் எலும்பு வெளியே துருத்திக்கொண்டு, பாதி மயக்கத்தில் கிடந்தார். போன் பக்கத்திலேயே நொறுங்கிக் கிடந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். காலுக்கு ரத்த ஓட்டம் நின்று நேரமாகிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லி, முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஒங்க சத்தம் கேட்டு முடிஞ்ச மட்டும் கத்திக்கிட்டேதான் கெடந்தேன். பொறவு தலைக்கு மேல மிஷினு சத்தம் வந்துச்சா, பாத்துட்டாவன்னு நெனச்சு கத்துறத நிறுத்திட்டேன்" என்றார்.

விற்க வந்தவர் சொன்னதை நான் நம்பினேன், நான் சொன்னதை மற்றவர்கள் நம்பினார்கள், அந்தச் சத்தத்தை அவர் நம்பினார். அவர் கட்டையை ஊன்றிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அம்புட்டுப் பேர் நம்பிக்கைக்கும் விலை கொடுத்தது அந்த ஒரு மனுஷன்தானே என்று உள்ளே குறுகிப்போகிறேன்.