பழனியம்மா பாட்டில் எடுத்த இரண்டு வரி

1. முதல் நாள்

ஏற்காட்டில் பங்குக் கோயில் அச்சகத்துக்கு எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டராகப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். அச்சகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கோயிலுக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம், காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் மெஷின், பனியில் நமத்துப்போகும் காகிதக் கட்டு, அப்புறம் நான். மாதம் ஒரு பத்திரிகை வரும். எழுதுவது, திருத்துவது, விலாசம் ஒட்டுவது எல்லாம் பங்குச் சாமியார்தான்.

சேர்ந்த அன்றே ஒரு பக்கத்தைக் கொடுத்து, "சத்தமா படிப்பா" என்றார். மூன்றாவது வாக்கியத்தில் நிறுத்தினார்.

"காப்பிக் காட்டுல வேலை செஞ்சு களைச்சு உக்காந்திருக்கிற பொம்பளைக்கு இது ஒரு தடவையில புரியுமா?"

"புரியாதுங்க."

"அப்ப அதை வெட்டிடு."

எழுதியவர் அவரேதான்! அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன்களில் எழுத்து தெரிந்த ஒருவர் பத்திரிகையைப் படிப்பார், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் கேட்டார்கள். பாதிரிமார் தமிழ் உரைநடைக்குச் செய்ததைப் பற்றி மேடையில் என்னென்னவோ பேசுகிறார்கள். நான் கண்டது இதுதான்: பிரசங்கம் செய்து பழகியவர்கள், காதுக்கு எழுதினார்கள். எது அச்சில் வரலாம், எது வரக்கூடாது என்பதும் அவர்கள் கையில்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. பூ பார்டர்

நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பழனியம்மா என்பவரின் புருசன், சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்க ஏறி விழுந்து செத்துப்போனார். குடித்துவிட்டு ஏறினான் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் எழுதிவிட்டார். அவர்கள் மகள் கோயில் பள்ளியில் ஏழாவது படித்தாள். பிள்ளைகள் "குடிகாரன் மவ" என்று கத்தியதில், இனிமேல் வரமாட்டேன் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பழனியம்மா வந்து, தான் அழுத ஒப்பாரியைச் சாமியாரிடம் பாடி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"அச்சுல வந்துட்டா நெசம்னு நம்புவாங்கொ ஃபாதருங்க. எம்பட புள்ள மறுக்கா பள்ளிக்கோடம் போவா."

பாட்டின் நடுவில் இந்த இரண்டு வரி:

"மழைக்குள்ள மரமேறச் சொன்னானே ரைட்டரு
கஞ்சித்தண்ணி குடிச்ச வயித்தோட ஏறுனீரே"

பக்கம் கட்டி, எழுத்துகளை இரும்புச் சட்டத்தில் இறுக்கி ஃபாரத்தைப் பூட்டிவிட்டேன். மெஷினில் ஏற்றப் போகும்போது சாமியார் வந்தார்.

"அந்த ரெண்டு வரியை எடுத்துடுப்பா. பள்ளிக்கூடம் நிக்கிற நிலம் அந்த எஸ்டேட்காரர் குடுத்தது. இன்னும் பத்திரம் எழுதித் தரலை."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் ஃபாரத்தைத் திறந்து இரண்டு வரியையும் உருவினேன். எடுத்த இடம் வெள்ளையாக, பார்க்க அசிங்கமாக இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருந்த பூ பார்டர் அச்சுகளை எடுத்து வரிசையாக வைத்துப் பூட்டினேன். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. "நல்லா இருக்கே" என்றார் சாமியார். எனக்குப் பெருமை வேறு, மடையனுக்கு!

3. பழனியம்மா வந்தார்

பத்திரிகை போன மறுவாரம் பழனியம்மா அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க, எம்பட பாட்டுல ரெண்டடி காணமுங்களே?"

"பக்கத்துல இடமில்லைம்மா" என்றேன். வாய் கூசவில்லை.

பத்திரிகையை விரித்துப் பூவின் மேல் விரலை வைத்தார்.

"எடமில்லீங்களா? பூ வெக்க எடமிருந்துச்சுங்களே."

சாமியார் உள்ளறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பழனியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நாங்க உங்க கோயலுக்கு வர்றவிய இல்லீங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட வந்தனுங்க. ஊட்டுல எம்புள்ளதான் படிச்சா. படிச்சுப்போட்டு, 'அப்பன் குடிச்சது நெசந்தானாம்மா, அதான் ஃபாதரே அதை எடுத்துட்டாரா'ன்னு கேக்கறா. நான் என்னங்க சொல்லட்டும்? நொம்ப நோவுதுங்க."

அழவில்லை. சொல்லிவிட்டு நாகலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சாமியார் அன்று மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு தாளைக் கொண்டுவந்து, "முதல் பக்கத்துல போடு" என்றார். இப்படி இருந்தது: "போன மாதம் பழனியம்மா பாட்டில் இரண்டு வரிகளை எடுத்தேன். மரத்தடியில் நின்றவர்களை முன்பே விசாரித்திருந்தேன். அவர் புருசன் குடிக்கவில்லை. தெரிந்தே, பயத்தில் எடுத்தேன். அவரும் அவர் மகளும் என்னை மன்னிக்க வேண்டும்." கீழே முழுப் பாட்டும் இருந்தது.

"ஃபாதர், நிலம்?"

"அதை நான் பாத்துக்கறேன். நீ எழுத்தைக் கோத்துடு."

ஊரார் தம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கிற மனிதர், தன்னுடையதை அச்சிலேயே ஏற்றிவிட்டார். அதைக் கோர்க்கும்போது எனக்குக் கண் மறைத்தது.

நிலம் போயிற்று. பள்ளி கோயில் மண்டபத்தில் நடந்தது. அடுத்த வருடம் சாமியாரையும் மாற்றிவிட்டார்கள். ஆனால் பத்திரிகை வெளியான திங்கட்கிழமை காலை, பழனியம்மாவின் மகள் புத்தகப் பையோடு அச்சகத்து வாசலில் வந்து நின்றாள்.

"இன்னொண்ணு குடுங்ணா. ஊட்டுல இருக்கறத அம்மா தர மாட்டேங்குது. இது பள்ளிக்கோடத்துல காட்டறதுக்கு."

அப்புறம் பல அச்சகங்களில் வேலை பார்த்தேன். இதை எடு, அதை எடு என்று சொல்லாத முதலாளியே கிடையாது. எடுத்திருக்கிறேன், பிழைப்பு அப்படி. ஆனால் எடுத்த இடத்தில் அதற்குப் பிறகு நான் பூ வைத்ததில்லை. வெள்ளையாகவே விட்டுவிடுவேன். இங்கே என்ன இருந்தது என்று படிக்கிறவர் கேட்கட்டும்.