மூன்று சக்கரத்துக்கு மட்டும் பிரேக்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவில் நடந்தால் ஆட்களைவிடக் கால்கள்தான் அதிகம் கண்ணில் படும். மழை விட்டிருந்தால் போதும், இரண்டு வீட்டுக்கு ஒரு கார் ஜாக்கியில் ஏறி நிற்கும். அதன் அடியிலிருந்து ஒரு ஜோடிக் கால்கள் தெருவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், வங்கியில் உட்கார்ந்திருப்பவர், தபால்காரர், எல்லோருடைய கால்களும் உண்டு. இங்கிலாந்து வந்த முதல் வாரம் அப்படி ஒரு ஜோடியைப் பார்த்துவிட்டு நான் ஓடிப்போய்க் குனிந்து, "ஆர் யூ ஆல்ரைட்?" என்று கத்தினேன். அடியிலிருந்து சாவகாசமாக, "நாட் டூ பேட், யூ?" என்று பதில் வந்தது. அவர் அதை வெறும் நலம் விசாரிப்பு என்று எடுத்துக்கொண்டார். நான் எதற்காக ஓடி வந்தேன் என்பதை அவருக்கு விளக்க என்னிடம் இங்கிலீஷும் இல்லை, மனசும் இல்லை. எங்கள் நாமக்கல்லில் கார் வைத்திருக்கும் ஒருவர் தானே பானெட்டைத் திறந்தால் சுற்றிலும் கூட்டம் கூடிவிடும். வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு சாதி, வண்டிக்கு அடியில் படுப்பவர்கள் வேறு சாதி. நான் இரண்டாவது.

இப்போது எங்களிடமும் ஒரு கார் இருக்கிறது. பதினோரு வயதான சிவப்பு ஹேட்ச்பேக். டிக்கி என்று தனியாக நீட்டிக்கொண்டிருக்காமல், பின்பக்கமே ஒரு கதவாக மேலே தூக்கித் திறக்கும் குட்டிக் கார். ஓட்டுவது என் மனைவி மல்லிகா. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்ததால் நானும் வந்து, ரொட்டி ஆலை ஒன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறேன். எனக்கு இங்கே ஓட்டுநர் உரிமம் கிடையாது, வாங்குவதாகவும் இல்லை. கேட்பவர்களிடம் பனியில் ஓட்டப் பயம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊரில் கடைசியாக ஸ்டியரிங் பிடித்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோளாறு பார்ப்பது மட்டும் என் வேலை, அதில் வேறு யாரையும் கை வைக்க விடமாட்டேன்.

பழைய காரின் கோளாறுகள் வயசானவர்களின் வியாதி மாதிரி. பருவத்துக்குப் பருவம் அதே ஐந்தாறுதான் திரும்பத் திரும்ப வரும். ஈரக் காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. இன்ஜினுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே வேர்த்திருக்கும். பழைய பனியனால் துடைத்து, மல்லிகா தலை உலர்த்தும் மெஷினை இரண்டு நிமிஷம் காட்டினால் ஒரே திருப்பில் பிடித்துக்கொள்ளும். ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது என்று அர்த்தம். எங்கேயோ டிக் டிக் என்று கேட்டால், நீளமான திருப்புளியின் நுனியை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பேன். சத்தம் வால்விலா, வாட்டர் பம்பிலா என்று தெரிந்துவிடும். இந்தக் காருக்கென்றே படம் போட்ட புத்தகம் நூலகத்தில் கிடைக்கிறது. அதில் இந்தத் திருப்புளி வைத்தியம் இல்லை. நான் அதைக் கற்றது நாமக்கல் திருச்சி ரோட்டுப் பட்டறை ஒன்றில்.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லிகா கடைக்குப் போய்த் திரும்பியதும், "ஏனுங்க, பிரேக் பெடல் பஞ்சாட்டம் எறங்குதுங்க" என்றாள்.  அந்த வார்த்தையைக் கேட்டால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். பானெட்டைத் திறந்தேன், பிரேக் ஆயில் டப்பாவில் பாதிக்கும் கீழே இருந்தது. நாலு சக்கரத்தின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தேன். இடது பின்சக்கரம் ஈரம். டிரம்மைக் கழற்றினால், வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து, சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் ஷூவெல்லாம் ஆயிலில் ஊறிக் கிடந்தது. கண்டுபிடிக்கச் சுலபமான கோளாறு, சாமான் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சாமான் கடை திறக்காது. மல்லிகாவுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு டூட்டி.

அதன் பிறகு நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது. அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயைக் கழற்றி, நுனியை மடக்கி, இரும்புத் துண்டின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டையாக அடித்து, இன்னொரு மடிப்பு மடக்கி மறுபடியும் அடித்தேன். ஆயில் ஊற்றிக் குழாயில் சேர்ந்த காற்றை எடுத்துவிட்டுப் பெடலை மிதித்தால் கல்லு மாதிரி நின்றது. மூன்று சக்கரத்துக்குப் பிரேக் இருக்கிறது, நாலாவதற்கு இல்லை. மற்றபடி வண்டி ஓடும்.

லாரித் தொழிலில் இருந்தவர்களுக்கு நான் செய்தது என்னவென்று தெரியும். சாமான் கிடைக்காத காட்டு ரோட்டில், சரக்கோடு நிற்கும்போது ஒழுகுகிற சக்கரத்தை மட்டும் அடைத்துவிட்டு வந்துசேர்வது எங்கள் பக்கத்தில் பெரிய கெட்டிக்காரத்தனம். வந்துசேர்ந்த பிறகு யாரும் அதைப் பிரித்துச் சரிசெய்ய மாட்டோம். அடுத்த எஃப்.சி., அதாவது வண்டிக்குத் தகுதிச் சான்று, எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஓடும். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களைக் கேட்கிறேன், 'சமாளித்துவிட்டோம்' என்ற வார்த்தையை நாம் எவ்வளவு பெருமையாகச் சொல்கிறோம். இங்கே வந்து இத்தனை வருஷத்தில் அதற்கு ஈடான ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை.

எழுபதுகளின் பிற்பகுதி. என் அக்கா சரசுவைச் சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் பெயர் கந்தசாமி. மூன்று கை மாறி வந்த ஒரு லாரி அவருக்கு. கொல்லிமலையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றி, அடிவாரத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் இறக்குவார். ஓட்டுவது அவர், பழுது பார்ப்பது நான். கல்யாணமான புதிதில் கொஞ்சம் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா பாவாயி அத்தை அவரைக் குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துப்போய், உள்ளங்கையில் கற்பூரத்தை அணைத்து, இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ண வைத்தார். கற்பூரம் அணைத்தவன் சொல் தவறினால் தெய்வம் அவனோடு விடாது, பிள்ளைகுட்டி வரைக்கும் கேட்கும் என்பது எங்களவர்களின் நம்பிக்கை. மச்சான் அதற்குப் பிறகு சாராயம் இருக்கும் பக்கம்கூடப் போனதில்லை. இது எனக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் முக்கால்வாசி நாள் நான் அவரோடுதான் இருந்தேன்.

அன்றைக்கு மட்டும் போகவில்லை. பதினைந்து நாள் முன்னால் லாரியின் பின்சக்கரம் ஒன்றுக்குக் குழாயை மடக்கி அடித்திருந்தேன். கிழங்கு அறுவடைக் காலம், வண்டியை நிறுத்த நேரமில்லை. காலையில் மச்சான், "மாப்ளே, பெடல் இன்னைக்குக் கொஞ்சம் கீழ எறங்குதுடா, ஒரு பார்வை பாத்துரு" என்றார். அடியில் படுத்துப் பார்த்தேன். மடிப்பில் ஈரம் கசிந்திருந்தது. பிரித்துச் சரிசெய்ய அரை நாள் ஆகும். சுத்தியலால் இன்னும் இரண்டு அடி வைத்தேன். துணியால் துடைத்துப் பார்த்தேன், காய்ந்திருந்தது. "மெதுவா போங்க மச்சான், ஒண்ணுமாவாது" என்றேன். "செரி, போயிட்டு வாரேன்" என்று ஏறிப்போனார்.

மத்தியானம், இறக்கத்தில் ஒரு கொண்டையூசி வளைவில் வண்டி திரும்பாமல் நேராகப் போய்விட்டது. நான் சைக்கிளில் அடிவாரம் வரைக்கும் போய், மேலே நடந்து ஏறினேன். மச்சானை அதற்குள் எடுத்துப்போயிருந்தார்கள். கிழங்கு சரிவு முழுக்கச் சிதறிக் கிடந்தது. நான் முதலில் போய்ப் பார்த்தது அந்தக் குழாயைத்தான். மடித்த இடத்தில் வெடித்து வாய் பிளந்திருந்தது. அந்தக் காலத்து லாரியில் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே ஆயில், ஒரு வழியாகப் போனால் மொத்தமும் போய்விடும். என் துண்டால் அதைத் துடைத்தேன். ஏன் துடைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பின்னால் போலீஸ் ஏட்டு வந்து நின்று, "மலையில சாராயம் போட்டுட்டு எறங்கினானா?" என்று கேட்டார். நான், "இருக்கலாமுங்க" என்றேன்.

அந்த ஒரு சொல் எனக்கு முன்னால் சேந்தமங்கலம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் பாவாயி அத்தை, மகனுடைய போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கிப் பெட்டிக்குள் வைத்தார். சத்தியம் தவறினவனுக்குப் பூப்போட்டால் அந்தப் பாவம் பேத்தியை, அக்காவின் கைக்குழந்தையை, பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். திதி கிடையாது. அமாவாசைக்கு ஒரு வாய்ச் சோறுகூட அவர் பெயரில் எடுத்து வைக்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், 'அப்பன் பண்ணினது' என்பார்கள். அக்கா ஒரு தடவை மட்டும் என்னைக் கேட்டாள்: "கூடவே இருந்தவன் நீ. நெசமாலுமே குடிச்சாரா சாமி?" நான், அன்றைக்கு நான் கூடப் போகவில்லையே அக்கா என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நர்ஸ் வேலை பார்க்கும் மல்லிகாவின் வரன், வெளிநாடு போக வாய்ப்பு என்று வந்தபோது, மற்றவர்கள் என்னை அதிர்ஷ்டக்காரன் என்றார்கள். நான் தப்பித்துத்தான் வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு ஆர்தர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், வந்து குனிந்து பார்த்தார். மடக்கிய குழாயைக் காட்டி, "ஒன் வீல் க்ளோஸ்டு, த்ரீ வீல் குட்" என்றேன். கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் கேலிக்குச் சொல்வதாக நினைத்துவிட்டார். முதுகில் தட்டி, "குட் ஒன்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இப்படி ஒன்றை ஒரு மனிதன் நிஜமாகவே செய்வான் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. நான் அங்கேயே, கையில் சுத்தியலோடு, தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மல்லிகா வாசலுக்கு வந்தாள். "செரியாயிருச்சுங்களா?"

"மெதுவா போ, ஒண்ணுமாவாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. என் குரல்தான், ஆனால் அது சேந்தமங்கலத்தில் ஒரு லாரிக்கு அடியிலிருந்து வந்தது.  மறுபடியும் அடியில் புகுந்து, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து, அந்தக் குழாயை மடிப்புக்கு மேலே அறுத்தேன். மூஞ்சியெல்லாம் ஆயில் கொட்டியது. இனி அந்த வண்டியை யாராலும் எடுக்க முடியாது என்று ஆன பிறகுதான் வெளியே வந்தேன். மல்லிகா பயந்துபோய், "ஏனுங்க, என்னங்க பண்றீங்க?" என்றாள். தெருவிலேயே உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல் தடவையாக.  கடைசியில், "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? அக்காகிட்டச் சொல்லுங்க" என்றாள். மறுநாள் காலை அவள் பஸ்ஸில் வேலைக்குப் போனாள். நான் புது வீல் சிலிண்டரும் புதுக் குழாயும் வாங்கிவந்து மாட்டினேன்.

வெளிநாட்டுத் தபால் தாளான ஏரோகிராமில் அக்காவுக்கு எழுதினேன். கசிந்த ஈரம், வைத்த இரண்டு அடி, துண்டால் துடைத்தது, ஏட்டிடம் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. தை மாதம் வாரேன், அத்தை காலில் விழுகிறேன் என்று முடித்திருந்தேன். ஆலையில் மூன்று வார விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பதில் வர ஐந்து வாரம் ஆனது. அக்கா ஐந்தாவது வரை படித்தவள், பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"தம்பிக்கு. உன் லெட்டரை அத்தைகிட்டப் படிச்சேன். திருப்பிப் படிக்கச் சொன்னாங்க. அழுவல. மக்காநாளு பொட்டியத் தொறந்து போட்டோவை எடுத்து, அவுங்களே மடியில வெச்சுக்கிட்டு நாமக்கல் போயிப் புதுச் சட்டம் போட்டுக் கொண்டாந்தாங்க. அமாவாசைக்கு எலை போட்டோம். அத்தை போட்டோ முன்னால நின்னு, என்னையத் தப்பா நெனைக்காத சாமின்னு சொன்னாங்க. புள்ளை, அப்பா குடிக்கலையாம்மான்னு கேட்டா. இல்ல கண்ணுன்னேன். அதைச் சொல்ல எனக்கு இத்தன வருஷம் ஆச்சு. தைக்கு வாரேன்னு எழுதியிருக்கே. வராத. அவருக்கு ஊட்டுல எடம் கெடச்சிருச்சு. உனக்கு இன்னும் கெடைக்கல சாமி. கெடச்சா நானே எழுதறேன்."

அதில் கோபம் இருக்கிறதா என்று பலமுறை தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

விடுப்பை நான் ரத்து செய்யவில்லை. இப்போது தை பிறந்து பத்து நாள் ஆகிறது. ஆலையில் நான் ஊருக்குப் போயிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியே பனி முழங்கால் அளவு கிடக்கிறது. மல்லிகா வேலைக்குப் போன பிறகு வீட்டில் நான் மட்டும். தபால்காரர் பத்தரைக்கு வருவார். பத்து மணிக்கே நான் போய்க் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்கிறேன், செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வா என்று யாராவது சொல்லட்டும் என்று.