முகட்டில் ஒரு வாய்த் தண்ணீர்

நோன்பு பிடித்தவனைச் சித்திரை வெயிலில் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு அறிவாளி எங்கள் தெருவில் நான் ஒருவன்தான் இருந்தேன். முழுப்பரீட்சை லீவு. எதிர்வீட்டுக் காதருக்கும் எனக்கும் பத்து வயது. அவன் அன்றுதான் முதன்முதலாக நோன்பு பிடித்திருந்தான். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது அவனுக்கு மாலை போடுவதற்காக வேடசந்தூரிலிருந்து மாமாமார்கள் வந்து இறங்கியிருந்தார்கள். வீடெல்லாம் சமையல் வாசனை.

"இங்க கெடந்தா பசிக்கும்லே. சிறுமலைப் பக்கம் போனா பொழுது போறதே தெரியாது" என்றேன். அவன் நம்பினான். என்னை நம்புவது அவனுக்குப் பழக்கம்.

விறகு ஏற்றப் போன வண்டியில் தொற்றிக்கொண்டு அடிவாரம் சேர்ந்தோம். அம்மா எனக்குச் சுரைக்குடுக்கை நிறையத் தண்ணீர் கொடுத்திருந்தாள். "நீ குடிக்காம நானும் குடிக்க மாட்டேன்" என்று காதரின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பிறகு, கனக்கிறது என்று குடுக்கையையும் அவன் தோளிலேயே மாட்டிவிட்டேன்.

முகட்டில் நடக்க முடியாது. இரண்டு பக்கமும் சரிவு, நடுவில் மாட்டு முதுகெலும்பு மாதிரி பாறை வரிசை. கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறினோம். உச்சிப்பொழுதில் பாறை தோசைக்கல்லாகக் காய்ந்தது. மிகக் குறுகலான இடத்தில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால் ஏறவும் மறுத்தது, இறங்கவும் மறுத்தது. பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஏலே, தண்ணியக் குடி" என்று காதர் குடுக்கையை நீட்டினான்.

"நீ குடி மொதல்ல. சத்தியம் பண்ணிருக்கேன்."

"சத்தியமாவது ஒண்ணாவது! விழுந்து சாகப் போறே, குடிடா!"

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வீம்பில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

காதர் கீழே சின்னதாகத் தெரிந்த ஊரைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குடுக்கையைத் திறந்து ஒரே ஒரு வாய் குடித்தான்.

"எனக்குத் தாகம் தாங்கலப்பா. இப்பக் குடி."

நான் குடித்தேன். கண் தெளிந்தது. அவன் முன்னால் இறங்கி, என் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கல்லில் வைத்து என்னைக் கீழே கொண்டுவந்து சேர்த்தான். என் உயிர் நண்பன், இன்றைக்கும் அவனைத்தான் அப்படிச் சொல்வேன். அன்றைக்கு நான் செய்ததோ வழிநெடுக அவனைக் கேலி பண்ணியதுதான்.

வீட்டு வாசலில் அவன் அம்மா மாலையும் கையுமாக நின்றார்கள். அவன் வாய் திறக்கும் முன்னே நான் முந்திக்கொண்டேன்.

"அத்தை, காதருதான் மொதல்ல தண்ணி குடிச்சான்! நான் அதுக்கப்புறந்தான் குடிச்சேன்!"

மாமாமார்கள் சிரித்தார்கள். அத்தையின் முகம் வாடிவிட்டது. "அரை நாள்கூடத் தாங்கலயாப்பா உனக்கு?" என்று கேட்டு, மாலையை ஆணியில் மாட்டினார்கள்.

"தாகமா இருந்துச்சும்மா" என்றான் காதர். என்னை ஒரு தடவை பார்த்தான். தோற்றுப்போன கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாங்கு சொன்னதும் எனக்கும் நோன்புக் கஞ்சி கொடுத்தார்கள். இரண்டு கோப்பை குடித்தேன். குடுக்கையில் மிச்சமிருந்த அத்தனை தண்ணீரையும் குடித்தது யார் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கும் அது தோன்றவில்லை.