லூசி இரண்டாம் முறை கேட்டது

லூசி மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துப் பாசிர் கூடாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். குறையுள்ள சர்க்யூட் போர்டுகளைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அவள் வேலை. அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்கு மாற்றியபோது முப்பத்தெட்டு வயதில் வீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்து ஊரான மாசாயில் இரண்டு மாதம் மற்ற வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள், ஒரு மாதம் கேக் செய்து பார்த்தாள். கேக் யாருக்கும் பிடிக்கவில்லை. அவளுக்கும்தான்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நின்றபோது டாக்டர் கிறிஸ்டின் பேச்சுக் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர். தமிழ்ப் பேச்சைக் கேட்டு அப்படியே எழுத ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"டைப் அடிக்கத் தெரியுமா லூசி?"

"தெரியும் டாக்டர். ஆனா மெதுவாத்தான் அடிப்பேன்."

"மெதுவா அடிக்கிற ஆள்தான் வேணும்."

ஏழு நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும் ஆய்வு அது. குழந்தைக்கு முதல் தடுப்பூசி போட்டுக்கொண்டு போகும் தாய்மார்களில் சிலர் அடுத்த ஊசிகளுக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் கேள்வி. எத்தனை பேர் வரவில்லை என்று எண்ணுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஏன் வரவில்லை என்பதை வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, அவர்கள் வாயாலேயே கேட்டு வர வேண்டும்.

எழுத்து வேலைக்கு என்று சேர்ந்த லூசியை ஆறே மாதத்தில் வீடுகளுக்கும் அனுப்பினார்கள். அனுமதி வாங்கிப் பேச்சைப் பதிவு செய்வாள். பிறகு காதில் மாட்டிக்கொண்டு வார்த்தை வார்த்தையாக எழுதுவாள், ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாள், ஒவ்வொரு பேச்சுக்கும் பக்கத்தில் ஒரு தலைப்புப் போட்டுப் பிரிப்பாள். பயிற்சியில் அவளுக்கு மிகவும் பிடித்த பாடம், கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது. பதில் வராவிட்டாலும் அவசரப்பட்டு நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறைக்குத் தினம் மோட்டார் சைக்கிளில் போய் வரும் அவள் கணவன் எல்வினுக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"அடுத்தவங்க பேசறதக் கேக்கறதா வேலை?"

"ஆமா. நடுவுல பேசாமக் கேக்கணும்."

"அப்ப நம்ம வீட்ல யாரும் அந்த வேலைக்கு ஆக மாட்டோம் லா" என்றான்.

ஆனால் லூசி அந்த வேலைக்கு ஆனாள். மூன்றாவது வருடம் வரையில் அவளைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. குறையை அவளேதான் கண்டுபிடித்தாள்.

அன்று ஆய்வு முடிவுகளைக் கணினித் திரையில் எல்லா நாட்டாருக்கும் காட்டும் கூட்டம். ஜொகூர்ப் பகுதி வந்தது. 'ஊசி மீதான பயம்' என்று பெரிய தலைப்பு. தமிழ்த் தாய்மார்கள் வராததற்கு முக்கியக் காரணம் அதுதான் என்றது அறிக்கை. அதன் கீழே மேற்கோளாக ஓர் ஆங்கில வரி: எனக்குப் பயமாக இருந்தது, அதனால் போகவில்லை. பெயர் இல்லை, பதினேழாம் எண் தாய் என்று மட்டும் போட்டிருந்தது. மொழிபெயர்த்தது லூசி.

பதினேழாம் எண் யாரென்று அவளுக்குத் தெரியும். மாசாயில் நான்காவது மாடி வீடு, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்யும் தர்ஷாயினி. பேட்டி நடந்த நேரம் முழுக்க அவள் மகன் மேசையில் இருந்த ரெக்கார்டரைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தான். முதல் ஊசி போட்டபோது அவன் அழவே இல்லை என்று தர்ஷாயினி பெருமையாகச் சொன்னது லூசிக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவளா ஊசிக்குப் பயப்பட்டாள்?

கூட்டம் முடிந்ததும் பழைய ஒலிப்பதிவைத் திறந்தாள். "பயமா இருந்துச்சுக்கா, போகல" என்ற குரல் தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு சமையலறையில் துணி துவைக்கும் மெஷின் வேகமெடுத்துச் சுற்றுகிற இரைச்சல். அந்த இடத்தில் 'தெளிவாக இல்லை' என்று எழுதிவிட்டு லூசி அடுத்த வரிக்குப் போயிருந்தாள். இப்போது வேகத்தைப் பாதியாகக் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்பது தடவை கேட்டாள். இரைச்சலுக்கு அடியில் மூன்று வார்த்தைகள் இருந்தன.

"மிஸ்ஸி மூஞ்சியப் பாக்க."

கிளினிக் தாதியின் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை லூசியுடையது. அறிக்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. தமிழ் தெரிந்தவர்களே அந்தக் குழுவில் இரண்டு பேர்தான். கோப்பித்தூள் தீர்ந்துவிட்டது என்று கடைக்குப் போய், கோப்பித்தூள் வாங்காமலே திரும்பி வந்து டாக்டர் கிறிஸ்டினைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பதினேழாம் நம்பர் ஊசிக்குப் பயப்படல. நான்தான் பாதியோட எழுதிட்டேன்."

"இந்த மாதிரி வேற எங்கெல்லாம் இருக்கும்?" என்று கேட்டார் கிறிஸ்டின்.

"தெரியல டாக்டர். எல்லாத்தையும் மறுபடி கேட்டாத்தான் தெரியும்."

"அப்ப கேளு. அறிக்கைய நான் நிறுத்தி வெக்கிறேன்."

முதலில் தர்ஷாயினியிடமே போனாள். சந்தேகம் வந்தால் மறுபடி வந்து கேட்கலாம் என்று அவள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தாள். துணி மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு லூசி கேட்டாள். பிறகு சும்மா இருந்தாள்.

"ஊசிப் புக்கு நனைஞ்சிருச்சுக்கா" என்று ஆரம்பித்தாள் தர்ஷாயினி. "ரெண்டாவது ஊசிக்குப் போறப்ப மழை. மோட்டார் சைக்கிள் கூடையில வெச்சிருந்தேன். எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. கவுண்டர்ல அந்த மிஸ்ஸி, புக்கக்கூட ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாதான்னு எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. எங்க ஃபேக்டரி லைன் லீடர் கூட அங்க உக்காந்திருந்தாங்க. நான் அப்படியே புள்ளைய தூக்கிட்டு வந்துட்டேன்."

"அப்புறம் போகவே இல்லையா?"

"போனா புது புக்கு கேக்கணும். கேட்டா மறுபடி திட்டுவாங்க. நாளாக ஆக, ஏன் இவ்ளோ லேட்டுன்னும் சேத்துத் திட்டுவாங்க. ஊசிக்கு என்னக்கா, அது ஒரு நிமிஷ வேலை."

மூன்று வாரம் லூசி வேறெதுவும் செய்யவில்லை. இருபத்தாறு தமிழ்ப் பேட்டிகள். பத்தொன்பதில் பயம் என்ற சொல் வந்தது. நான்கு பேருக்குத்தான் ஊசியே பயம். மற்றவர்களுக்குத் திட்டு வாங்கப் பயம், சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் பயம், காய்ச்சல் வந்தால் மாமியார் என்ன சொல்வாரோ என்று பயம். குளுவாங்கிலிருந்து மருமகளுக்குத் துணையாக வந்திருந்த கிருஷ்ணம்மா என்ற மாமியார், பேட்டிக்கு நடுவிலேயே, "நான் எப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்டதும் பதிவில் இருந்தது. தனியாக அறையில் இருந்தும் லூசி வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த கூட்டத்தில் அவளையே பேசச் சொன்னார்கள். அவளுடைய ஆங்கிலம் நெளிந்து வளைந்துதான் வந்தது. முதலில் தன் தவறைச் சொன்னாள், பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். தமிழ் தெரியாதவர்கள்கூட மெஷின் இரைச்சலுக்குள் அந்த மூன்று வார்த்தைகளைத் தேடிக் கேட்டார்கள். இன்னொரு நாட்டுக் குழுவில் இருந்த பெண் கை தூக்கினார். தங்கள் மொழியிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது, தாங்களும் திரும்பக் கேட்க வேண்டும் என்றார். அறிக்கையில் 'பயம்' என்பதை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டு, பக்கத்தில் எதைக் கண்டு பயம் என்று எழுதுவதாக முடிவாயிற்று. ஊசி மீதான பயம் என்ற தலைப்பு சின்னதாகிப் பின்பக்கத்துக்குப் போனது.

அதனால் பெரும் மாற்றம் எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் ஆய்வின் சுருக்கத்தைப் படித்த ஒரு கிளினிக்கிலிருந்து தலைமைத் தாதி ஒருவர் கிறிஸ்டினைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தார்கள். கவுண்டரில் ஒட்ட ஓர் அறிவிப்பு எழுதித் தர முடியுமா என்றுதான் கேட்டார். மலாய், சீனம், தமிழ், மூன்றிலும். தமிழ் லூசியின் பங்கு. "புத்தகத்தைத் தவறவிட்டோர் அலுவலரை அணுகவும்" என்று முதலில் எழுதி, படித்துப் பார்த்து, அடித்தாள். "ஊசிப் புக்கு இல்லையா? லேட் ஆயிடுச்சா? பரவாயில்லை, வாங்க" என்று எழுதிக் கொடுத்தாள். இலக்கணம் பார்ப்பார்களே என்று கிறிஸ்டின் தயங்கினார்.

"பயந்து போய் நிக்கறவங்க படிக்கணும் டாக்டர்" என்றாள் லூசி. அப்படியே ஒட்டினார்கள்.

அவள் ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. இப்போது புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு ஒலிப்பதிவைக் கேட்டு எழுதச் சொல்லிக் கொடுக்கிறாள். வருகிற மாதம் மூவாரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலைப் பெண்களிடம் பேட்டி தொடங்குகிறது. மூவார் அவள் பிறந்த ஊர். இரண்டு நாள் முன்னதாகவே போய்விடலாம், ஆற்றோரம் மீ பண்டோங் நூடுல்ஸ் சாப்பிடலாம் என்று எல்வின் லீவு போட்டுவிட்டான். போகும் வழியில் வண்டியில் அவன் பேசிக்கொண்டே வருவான். லூசி நடுவில் பேசாமல் கேட்பாள், பாதி வழியில் வரும் ஆயர் ஈத்தாம் வரைக்குமாவது.