பக்கத்து சீட் மாஸ்டர்

எங்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டில் இருப்பவரைத் தெருவே 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். அவர் மனைவி மட்டும் கோபம் வந்தால் 'பிரேக் மாஸ்டர்' என்பார். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். கற்றுக்கொள்பவர்கள் இடிக்கப் போகிற சுவர், மரம், தள்ளுவண்டி எல்லாவற்றையும் ஆறு வருடமாக அந்த ஒற்றைப் பிரேக்கால் காப்பாற்றிக் காப்பாற்றி, அவருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. அடுப்படியில் மனைவி எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கால் தரையை அழுத்தும். பதினைந்து வயது மகள் செல்போனைப் பார்த்துக்கொண்டே வாசல்படி இறங்கினால் இன்னொரு அழுத்து. "அப்பா, நான் கார் இல்ல," என்பாள் அவள்.

அதற்கு முன்னால் ஒரு கம்பெனியில் பெரிய கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி ஒருநாள் கார்களை விற்றது. கார் இல்லாத டிரைவர்களை என்ன செய்வது என்று யோசிக்கக் கம்பெனிக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "நல்ல வேலை கிடைக்கிற வரைக்கும், நாலே மாசம்," என்று சொல்லி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அந்த நாலு மாதம்தான் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. பக்கத்து சீட்டின் கண்ணாடி மேலே ஏறாது என்பதால் மழைக்காலத்தில் ஒரு தோள் மட்டும் நனைந்து வீட்டுக்கு வருவார்.

அவர் மனைவி சட்டை தைக்கிற தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அவருக்குக் காலர் மட்டும். கையும் பொத்தானும் வேறு ஆட்கள் வேலை. "பதினாறு வருஷமா சட்டை தைக்கிறேன், இன்னும் ஒரு முழுச் சட்டை தைச்சதில்ல," என்று சிரிப்பார். இரண்டு சம்பளமும் சேர்ந்து இருபதாம் தேதி வரை வரும். அதற்குப் பிறகு வீட்டை ஓட்டுவது மாஸ்டரின் நம்பிக்கைதான். "அடுத்த மாசம் எல்லாம் சரியாயிடும் பாரு," என்பார்.

"நானும் எல்லா மாசத்தையும் பாத்துட்டேன். இந்த அடுத்த மாசத்தை மட்டும் இதுவரைக்கும் கண்ணால பாக்கல," என்பார் மனைவி. சொல்லிவிட்டு, டீயில் அவருக்கு மட்டும் அரைக் கரண்டி சர்க்கரை கூடப் போடுவார்.

இந்தச் சமயத்தில்தான் டிரைவிங் ஸ்கூலில் கேரியர் அக்கா வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. வீட்டிலேயே சமைத்து ஐம்பது பேருக்கு மதியச் சாப்பாடு கேரியரில் அனுப்புகிறவர். வருகிற லாபத்தில் பாதியை வாடகை வண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தங்கையின் கணவர் தன்னுடைய பழைய சின்ன வேனைத் தருகிறேன் என்றார். லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதும். அந்த 'மட்டும்'தான் வரவில்லை. ஐந்து முறை டெஸ்டுக்குப் போய் ஐந்து முறையும் ஃபெயில், அதுவும் அநேகமாக ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காரணத்துக்கு. முதல் தடவை ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்துவிட்டு, என்ஜின் ஓட ஓட இறங்கிப்போய் அதை நிமிர்த்தி வைத்தார். இரண்டாம் தடவை ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலேயே, வண்டி சரியில்லை என்று அதிகாரியிடம் புகார் செய்தார். மூன்றாவதிலும் நான்காவதிலும் மேட்டில் நிறுத்திய வண்டி பின்னால் உருண்டது. ஐந்தாம் தடவை எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, சந்தோஷம் தாங்காமல் ஓடுகிற வண்டியில் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தட்டினார்.

"இந்தம்மாவை விட்டுடுய்யா, நம்ம ஸ்கூல் பேரு கெடுது," என்றார் முதலாளி.

"கிட்ட வந்துட்டாங்க சார். அடுத்த தடவை கண்டிப்பா," என்றார் மாஸ்டர். அடுத்த மாதத்துக்குத் தம்பி அடுத்த தடவை.

அப்போதுதான் ஊர் ஓரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து விளம்பரம் வந்தது. ஊழியர்களை ஏற்றி இறக்குகிற வேன்களுக்கு ஆறு டிரைவர்கள் தேவை, நிரந்தர வேலை, வயது நாற்பத்தைந்துக்குள். மாஸ்டருக்கு நாற்பத்தைந்து ஆக இரண்டே மாதம் இருந்தது. மகள் செல்போனில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்று அவர் ஒவ்வொருவரிடமாகச் சொன்னதில் தெரு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஓட்டிக் காட்டச் சொல்லி டெஸ்டுக்குக் கூப்பிட்ட அன்று மனைவி அவர் சட்டைக் காலரை மட்டும் மூன்று முறை இஸ்திரி போட்டார்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு நீளமான வேன் நின்றது. ஃபைலை வைத்துக்கொண்டு, மூக்கு நுனியில் கண்ணாடியோடு ஒரு அதிகாரி. பெயரைக் கூப்பிட்டதும் மாஸ்டர் விறுவிறுவென்று போய் வேனின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடப் பழக்கம்.

வெளியே நின்ற அதிகாரி குனிந்து பார்த்தார். "வண்டியை நான் ஓட்டணுமா, நீங்க ஓட்டறீங்களா?"

"சும்மா சீட் சரியா இருக்கான்னு பாத்தேன் சார்," என்று இறங்கிச் சுற்றிக்கொண்டு ஓடினார் மாஸ்டர்.

வண்டி கிளம்பியது. கூடவே வாயும் கிளம்பியது. "இப்ப கிளட்சை மெதுவா விடறோம்... பதற வேண்டாம்... கண்ணாடியைப் பாக்கறோம்..." அதிகாரி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். அது அவரை இன்னும் பதற வைத்தது. வளாகத்தின் திருப்பத்தில், தூரத்தில், ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மாஸ்டரின் வலது கால் வழக்கமான இடத்தில் வழக்கமான வேகத்தில் அழுத்தியது. பக்கத்து சீட்டில் அங்கே இருப்பது பிரேக். இங்கே இருந்தது ஆக்சிலேட்டர். வேன் ஒரு துள்ளு துள்ளியது. சுதாரித்துப் பிரேக்கைத் தேடிப் பிடித்து அவர் நிறுத்தியபோது சைக்கிள்காரர் நிம்மதியாகக் கடந்து போயிருந்தார். ஒரு பூந்தொட்டிதான் தப்பவில்லை. அதிகாரியின் கண்ணாடி பின் சீட்டில் கிடந்தது.

அதைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டு அதிகாரி கேட்டார்: "இப்ப என்ன வேலை பாக்கறீங்க?"

மாஸ்டர் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆபீஸ் வேலை சார்."

அவருடைய விண்ணப்பம் அதிகாரியின் மடியிலேயே இருந்தது. ஆனால் நல்ல மனிதர், அதைப் பார்க்கவில்லை. "இன்னொரு சான்ஸ் உண்டு. மூணு வாரம் கழிச்சு வாங்க," என்றார்.

வீட்டுக்கு வந்து, கூட்டம் அதிகம் என்று மட்டும் சொன்னார் மாஸ்டர். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து, "அடுத்த மாசம்னே சொல்ல மாட்டேங்கறாருங்க. எனக்கு என்னவோ பயமா இருக்கு," என்றார். அந்த வார்த்தையை இத்தனை வருடமாகக் கிண்டல் செய்தவர் அவர்தான்.

வியாழக்கிழமை காலை கேரியர் அக்காவின் வகுப்பு. அவர் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமல் வண்டியை எடுக்கப் பார்த்தும் மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா என்ஜினை அணைத்தார்.

"என்ன சார், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா திட்டாம இருக்கீங்க? சொல்லுங்க."

சொன்னார். தப்பான கதவில் ஏறியதில் தொடங்கிப் பூந்தொட்டி வரைக்கும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். 'ஆபீஸ் வேலை' என்ற இடத்தில் அவரால் முடியவில்லை. ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஹாரன் இரண்டு முறை அடித்தது.

"அஞ்சு தடவை ஃபெயிலானவகிட்ட ஒரு தடவை ஃபெயிலானதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. பிறகு சிரிப்பும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்: "எப்படிக்கா திரும்பத் திரும்பப் போறீங்க?"

"போகலைன்னா தங்கச்சி போன் பண்ணி ஏன் போகலைன்னு கேப்பா. அவகிட்ட பேசறதுக்கு ஃபெயிலாகறதே மேல்," என்றார் அக்கா. "நாலாவது தடவை அழுகை வந்துடுச்சு, நெஜமாத்தான். வீட்டுக்குப் போனா ஐம்பது பேருக்குச் சமைக்கணும். வெங்காயம் நறுக்கும்போதே அழுது முடிச்சிட்டேன். தனியா அதுக்கு ஏது நேரம்?"

அதோடு விடவில்லை. கதவைத் திறந்து இறங்கி, பக்கத்து சீட்டுப் பக்கம் வந்து நின்றார். "இறங்குங்க. இனிமே அரை மணி எனக்கு, அரை மணி உங்களுக்கு."

"நீங்க காசு கட்டியிருக்கீங்கக்கா, அது தப்பு."

"காசு கட்டினவதானே சொல்றேன். இறங்குங்க தம்பி." அன்றிலிருந்துதான் சார் தம்பியானார்.

பக்கத்து சீட்டின் பிரேக் கைக்கு, அதாவது காலுக்கு, வந்ததும் அக்காவுக்கு உலகமே கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. நாய் வந்தால் அழுத்தினார். நாய் வராவிட்டாலும், வரலாம் என்று அழுத்தினார். "எதுக்குக்கா இப்போ?" என்று மாஸ்டர் கத்தினால், "பயமா இருந்துச்சு," என்பார். மாஸ்டர் பழக்க தோஷத்தில் "இப்ப கிளட்சை..." என்று ஆரம்பித்தால் அதற்கும் ஒரு அழுத்து. "வாயால ஓட்டாதீங்க, கையால ஓட்டுங்க." நாலு நாள் தலை முன்னும் பின்னும் ஆடிய பிறகு மாஸ்டரின் வாய் தானாக மூடிக்கொண்டது. கால் மட்டும் இன்னும் ஒரு வாரம் அடம்பிடித்தது. பிறகு அதுவும், மூன்று பெடலில் எது எங்கே இருக்கிறது என்பதை மெதுவாக ஞாபகப்படுத்திக்கொண்டது.

அவர்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. இத்தனை நாள் கீழே பெடலையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, வேறு வேலை இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்ததில் முதல் முறையாகச் சாலையைப் பார்த்தார். மேட்டில் மாஸ்டரின் கால்கள் எப்போது மாறுகின்றன என்று பார்த்தார். ஒருநாள் டீக்கடையில் நின்றிருந்த முதலாளி, மாஸ்டர் ஓட்ட, அக்கா விரலை நீட்டி அதட்டிக்கொண்டே போவதைக் கண்டு, டீயைக் குடிக்க மறந்துபோனார்.

அக்காவின் டெஸ்ட்தான் முதலில் வந்தது. அங்கிருந்த அதிகாரிக்கு அவரை நன்றாகத் தெரியும். "வாங்கம்மா," என்று சொல்லிவிட்டுக் கம்பங்களை ஒருமுறை கவலையோடு பார்த்துக்கொண்டார். கம்பங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டில் வண்டி ஒரு விரற்கடைகூட உருளவில்லை. பாஸ் என்று சொன்ன பிறகும் அக்கா இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை. இறங்கச் சொல்லி மாஸ்டர்தான் கூப்பிட வேண்டியிருந்தது. தங்கை கணவரின் பழைய வேன் அந்த வாரமே அக்கா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் மாஸ்டரின் முறை. ஆஸ்பத்திரியில் அதே கண்ணாடி அதிகாரி. ஏறும்போதே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பையின் பட்டனையும் போட்டுக்கொண்டார். மாஸ்டர் சரியான கதவில் ஏறினார். ஒரு திருப்பத்தில் மட்டும் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வளாகத்தைச் சுற்றி, வெளியே போய், திரும்பி வந்து, மீதமிருந்த பூந்தொட்டிகளுக்குப் பக்கத்தில் அலுங்காமல் நிறுத்தினார்.

பாஸ் ஆனவர்கள் ஒன்பது பேர். வேலை ஆறு பேருக்கு. வரிசையில் மாஸ்டர் எட்டாவது.

"எட்டாவதா?" என்றார் மனைவி.

"ரெண்டு பேர் சேர மாட்டாங்க. எல்லா எடத்துலயும் அப்படித்தான். நீ பாரு, அடுத்த மாசம்..."

மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். மகள் எட்டிப் பார்த்தாள். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. மூணு வாரமா காணாமப் போயிருந்த மனுஷன் வீட்டுக்கு வந்துட்டாரு."

அடுத்த மாதம் ஒன்றும் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. ஆறு பேரும் ஒருவர் விடாமல் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: லீவு போடுகிற டிரைவர்களுக்குப் பதிலாக, வாரத்தில் மூன்று நாள் வர முடியுமா? முடியும் என்று அவர்கள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டார். இப்போது மூன்று நாள் வேன், மூன்று நாள் டிரைவிங் ஸ்கூல். இருபதாம் தேதி வரை வந்துகொண்டிருந்த பணம் இருபத்தாறு வரை வருகிறது. "மிச்சம் நாலு நாள்தானே," என்கிறார் மாஸ்டர். ஆறு பேரில் யாருக்காவது சீக்கிரம் வெளியூரில் நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், மனமார விரும்புகிறார்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்திவிட்டு நர்சுகளுக்காகக் காத்திருந்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். டிராபிக் போலீஸ்காரர்.

"ஒரு பேங்க் கேட்டை அடைச்சு வேனை நிறுத்தியிருக்காங்க இந்தம்மா. யார்கிட்டம்மா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா, பெருமையா உங்க நம்பரைக் கொடுக்கறாங்க. நீங்கதான் சொல்லிக்கொடுத்ததா?"

மாஸ்டர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த முறை ஆபீஸ் வேலை என்று சொல்லத் தோன்றவில்லை. "ஆமா சார், நான்தான். ரிவர்ஸ் நல்லா எடுப்பாங்க சார். நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டு எடுக்கச் சொல்லுங்க."

போனில் என்ஜின் சத்தம் கேட்டது, யாரோ கத்துவது கேட்டது, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. நின்றுகொண்டிருந்த வேனில் மாஸ்டரின் வலது கால் பிரேக்கை அழுத்தியது. கடைசியில் அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, வண்டியை எடுத்துட்டேன், எதுலயும் படல. அபராதம் கட்டிட்டேன், அது ஒருபக்கம் போகட்டும். வண்டியில என்னம்மா இவ்வளவு வாசனைன்னு கேட்டாரு இந்த சாரு. ஸ்டேஷன்ல எட்டுப் பேராம். திங்கக்கிழமையிலேருந்து மதியச் சாப்பாடு நம்மதுதான். சரி, வெக்கறேன், ஹாரன் அடிக்கறாங்க, என்னைத்தான்னு நெனைக்கறேன்."